கயிற்றில் தொங்கும் தொழில்

பிரிட்டனில் வேனின் பக்கவாட்டில் ‘ட்ரீ சர்ஜன்’ என்று எழுதிக்கொள்ள எந்தப் பட்டமும் வேண்டாம். எந்த அலுவலகத்திலும் போய் உரிமம் வாங்க வேண்டியதில்லை. ஏணியும் செயின்சாவும் கைவசம் இருந்தால் நாளைக் காலையே தொழில் தொடங்கிவிடலாம். பல் பிடுங்குபவருக்கு இல்லாத இந்தச் சலுகை மரத்தின் கிளையை வெட்டுபவருக்கு உண்டு. ஆனால் கூலிக்காக மரத்தில் கால் வைத்த அந்த நிமிடமே சட்டங்கள் வரிசைகட்டி வந்து நிற்கும். உயரத்தில் வேலை செய்வதற்கென்று 2005-ம் ஆண்டு விதிகள், ஆளைத் தூக்கும் கருவிகளுக்கென்று 1998-ம் ஆண்டு விதிகள், கையை மரத்துப்போகச் செய்யும் அதிர்வுக்கென்று இன்னொரு தொகுதி. பெயர்ப்பலகையைக் கண்டுகொள்ளாத அரசு கயிற்றின் முடிச்சுவரை கணக்குக் கேட்கிறது. அப்படிக் கேட்பதற்குக் காரணம் இயற்பியலில் இருக்கிறது.

ஏன் ஏற வேண்டும்? லண்டன் போன்ற ஊர்களில் மரம் நிற்பது கொல்லைப்புறத்தில். ஒரு பக்கம் வீட்டுக் கூரை, மறுபக்கம் அடுத்த வீட்டுக்காரரின் கண்ணாடிக் கூடம், நடுவில் வேலி. இருபது மீட்டர் மரத்தை அடியில் வெட்டிச் சாய்க்க அதைவிட நீளமான வெற்றிடம் வேண்டும். அது எங்கே இருக்கிறது? கிரேன் உள்ளே வரச் சந்து போதாது. ஆகவே ஒருவர் உச்சிவரை ஏறி, மேலிருந்து கீழாகத் துண்டு துண்டாக நறுக்கி இறக்க வேண்டும். ஒரு கிளையை அறுக்கச் சில நொடிகள் போதும். அறுக்கும் இடத்துக்கு உடம்பையும் வாளையும் கொண்டுபோவதும், அறுத்ததைக் கண்ணாடி உடையாமல் தரைக்குக் கொண்டுவருவதும்தான் பொழுதைத் தின்னும். இரண்டிலும் ஒரே சூட்சுமம்: உராய்வை எங்கே கூட்டுவது, எங்கே குறைப்பது.

ஏறுபவரின் நெஞ்சுக்கு எதிரே ஒரு முடிச்சு இருக்கும். தலைக்கு மேலே ஒரு வலுவான கவட்டையில் போட்ட கயிற்றின் ஒரு நுனி அவர் இடுப்பு வாரில் கட்டியிருக்கும். கவட்டையைச் சுற்றி இறங்கும் மறுபாதியில் எட்டுப் பத்து மில்லிமீட்டர் தடிமனுள்ள சின்னக் கயிறு ஒன்று நாலைந்து சுற்றுச் சுற்றி, அதுவும் அதே வாரில் வந்து சேரும். ஆள் தொங்கியதும் சுற்றுகள் இறுகிப் பெரிய கயிற்றைக் கவ்வுகின்றன. உள்ளங்கையால் மேல் சுற்றைக் கொஞ்சம் கீழே அழுத்தினால் பிடி தளர்ந்து ஆள் இறங்குகிறார். கையை எடுத்தால் நின்றுவிடுகிறார். எந்திரம் எதுவும் இல்லை, ஒரு முழக் கயிறுதான். ஆஸ்திரிய மலையேறி கார்ல் பிரஷிக் 1931-ல் மலையேறிகளுக்குச் சொல்லிக்கொடுத்த முடிச்சு இந்த வம்சத்தின் பாட்டன். இன்று அதே வேலையைச் செய்யும் அலுமினியக் கருவிகள் வந்துவிட்டன. விலை கொடுத்து வாங்கியவர்கள் அதைப் புகழ்ந்து ஓய்வதில்லை. முடிச்சே போதும் என்பவர்களும் ஓய்வதில்லை.

முடிச்சு பிடிப்பதன் கணக்கைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே கணித மேதை ஆய்லர் போட்டுவைத்துவிட்டார். தூணைச் சுற்றிய கயிற்றின் ஒரு முனையில் பாரம், மறுமுனையில் கை. உராய்வுக் கெழு 0.25 என்று வைத்துக்கொண்டால், ஒரு முழுச் சுற்றில் கையின் பலம் ஏறக்குறைய 5 மடங்காகிறது. இரண்டு சுற்றில் 23 மடங்கு. மூன்றில் 111. சுற்று கூடக் கூடப் பிடிமானம் கூட்டலில் ஏறாமல் பெருக்கலில் ஏறுகிறது. துறைமுகத்தில் கப்பலைக் கட்டுபவர் ஒற்றைக் கையால் அதை நிறுத்திவைப்பது இதனால்தான். தூணுக்குப் பதில் இன்னொரு கயிற்றைச் சுற்றினால், அதுவும் இழுக்க இழுக்கத் தானே இறுகும்படி சுற்றினால், ஏறுபவரின் முடிச்சு.

கவட்டையிலும் உராய்வு உண்டு. அங்கே அது ஏறும்போது பகை, இறங்கும்போது நட்பு. எண்பது கிலோ ஆள் ஒருவர் இப்படி இரட்டைக் கயிற்றில் தன்னைத் தானே இழுத்து ஏறினால், உராய்வே இல்லாத உலகத்தில் 40 கிலோ இழுத்தால் போதும். மீதி 40-ஐக் கயிற்றின் மறுபாதி சுமக்கும். அதே 0.25 கெழுவோடு கயிறு மரப்பட்டையில் அரைச் சுற்று உரசிப் போனால் அது 55 கிலோ ஆகிவிடும். ஒவ்வொரு இழுப்புக்கும் 15 கிலோ தண்டம். இறங்கும்போது கணக்கு தலைகீழாகிறது. பட்டையின் உராய்வு பாரத்தைப் பங்குபோட்டுக்கொள்வதால் முடிச்சுக்கு 25 கிலோ சுமையே மிஞ்சுகிறது. பட்டை உரியாமல் இருக்க இப்போது கவட்டையில் இரண்டு வளையம் கோத்த வார் ஒன்றை மாட்டி அதன் வழியே கயிற்றை விடுகிறார்கள். மரத்தின் தோலுக்கும் ஏறுபவரின் தோளுக்கும் ஒரே நேரத்தில் நல்லது. அதுவரை பட்டை சுமந்த வேலை முடிச்சின் தலையில் விழுவதால், வாரை மாட்டியதும் முடிச்சு சூடேறுகிறது என்று சொல்வார்கள். உண்மைதான்.

எவ்வளவு சூடு? எண்பது கிலோ ஆள் 15 மீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 12,000 ஜூல் ஆற்றல் வெப்பமாக வேண்டும். ஒரு சின்ன டம்ளர் அளவு, அதாவது நூறு மில்லி தண்ணீரை, 28 டிகிரி உயர்த்தப் போதுமான வெப்பம் அது. அதில் பெரும்பங்கு சில பத்து கிராம் எடையுள்ள முடிச்சின் மேற்பரப்பில், சில நொடிகளில் இறங்குகிறது. அவசரமாகச் சறுக்கி வருபவரின் முடிச்சில் இழைகள் பளபளவென்று மெழுகு பூசினாற்போல ஆகிவிடும். உருகி உறைந்த அடையாளம். பாலியெஸ்டர் 250 டிகிரியைத் தாண்டித்தான் உருகும். எஃகுக்கு நிகரான வலு என்று விளம்பரப்படுத்தப்படும் டைனீமா இழையோ 150 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும், வழவழப்பும் அதிகம். ஆகவே முடிச்சுக் கயிற்றுக்கு அது உதவாது. உருகவே உருகாமல் கருகத் தொடங்கும் அராமிட் இழையைக் கலந்து பின்னிய கயிறுகளை அதற்கென்றே செய்கிறார்கள். வலுவான கயிறு எது என்று கேட்பவர் புதியவர். இந்த இடத்துக்கு எது என்று கேட்பவர் நாலு பருவம் பார்த்தவர்.

இவ்வளவையும் நம்பித் தொங்குவதால் கருவிகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை தகுதியுள்ளவரின் முழுப் பரிசோதனை கட்டாயம். வார், கயிறு, கொக்கி ஒவ்வொன்றுக்கும் எண்ணும் ஏடும் உண்டு. கடந்த சில ஆண்டுகளாக இன்னொரு மாற்றமும் வந்திருக்கிறது. ஒரே கயிற்றில் ஏறும் பழக்கத்துக்கு முடிவு கட்டி, தனித்தனியாகக் கட்டிய இரண்டு கயிறுகள் இருக்க வேண்டும் என்று 2020-ல் வெளியான தொழில்துறை நடைமுறை நூல் வலியுறுத்தியது. பழைய கைகள் முணுமுணுத்தார்கள். கிளைகளுக்கு நடுவே ஒரு கயிறே சிக்கும், இரண்டு என்றால் நாள் முழுக்கச் சிக்கெடுப்பதுதான் வேலை என்று. முணுமுணுப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் கையில் செயின்சாவோடு தொங்குபவருக்கு முதல் ஆபத்து கிளை முறிவதல்ல, தன் கயிற்றைத் தானே அறுத்துக்கொள்வது. அந்த ஒரு காரணத்துக்கே இரண்டாவது கயிறு வேண்டும். அறுக்கும் நேரத்தில் தண்டைச் சுற்றிப் போடும் குட்டை வாரின் நடுவில் எஃகுக் கம்பி ஓடுவதும் இதற்காகத்தான்.

செயின்சாவுக்கு வருவோம். 1926-ல் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் கட்டிய மின்சார வாளை இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டியிருந்தது. எஞ்சின் சிறுத்துக்கொண்டே வந்தாலும் சங்கிலியின் பல் மட்டும் நெடுநாள் பழைய ரம்பத்தின் பல்லாகவே இருந்தது. அது மரத்தைச் சுரண்டும், அடிக்கடி மழுங்கும், அரம் பிடித்தே பாதி நாள் போகும். 1946-ல் அமெரிக்காவின் ஓரிகன் காட்டில் விறகு பிளந்துகொண்டிருந்த ஜோ காக்ஸ் என்பவர், அடிக்கட்டை ஒன்றில் விரல் தடிமனுள்ள வண்டுப்புழு மரத்தைத் துளைத்துப் போவதைப் பார்த்தார். அது இழையோட்டத்தோடும் போகிறது, குறுக்கேயும் போகிறது, சிரமமே இல்லை. அதன் தாடைகள் இரண்டும் வளைந்த கத்திகள். இடமும் வலமும் மாறி மாறிச் சீவுகின்றன. காக்ஸ் அதே அமைப்பை எஃகில் வடித்தார். அடுத்த ஆண்டு போர்ட்லாந்து வீட்டின் நிலவறையில் தொடங்கிய பட்டறையில் அந்தச் சங்கிலி பிறந்தது. இன்று உலகில் ஓடும் பெரும்பாலான செயின்சாக்களின் பல் அந்தப் புழுத் தாடையின் வழித்தோன்றல்.

பல்லைக் கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டு பகுதிகள் தெரியும். பின்னால், மேலே மடிந்த கத்தி. முன்னால், சின்னத் திமில். திமில் கத்தியைவிட அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் தாழ்ந்திருக்கும். கத்தி ஒரே கடியில் எவ்வளவு ஆழம் போகலாம் என்பதை அந்த இடைவெளிதான் தீர்மானிக்கிறது. கத்தியை மட்டும் தீட்டிக்கொண்டே வந்தால் அது தேய்ந்து இறங்கி, திமில் உயர்ந்துவிடும். பல் மரத்தைத் தொடாமல் வழுக்கும். திமிலை அதிகமாக அராவிவிட்டால் பல் பேராசையோடு கடித்து வாளையே இழுத்துப் பறிக்கும். வாளின் நிலைமையை அறிய எஞ்சின் சத்தத்தைக் கேட்க வேண்டாம், தரையில் விழுவதைப் பார்த்தால் போதும். சீவல் சீவலாக விழுந்தால் கூர் இருக்கிறது. மாவாக விழுந்தால் இறங்கி வந்து அரம் பிடிக்கும் நேரம்.

சங்கிலி ஓடும் வேகம் நொடிக்கு 20 மீட்டருக்கு மேல். நெடுஞ்சாலையில் போகும் பேருந்தின் வேகம் என்று கொள்ளலாம். சங்கிலி சுற்றியோடும் தகட்டின் அடிப்பக்கத்தில் அறுக்கும்போது சங்கிலி வாளை மரத்தை நோக்கி இழுக்கிறது. மேல்பக்கத்தில் அறுத்தால் ஆளை நோக்கித் தள்ளுகிறது. இரண்டையும் சமாளிக்கலாம். தகட்டின் நுனியான மூக்கின் மேல்பாதி மட்டும் எதிலாவது பட்டுவிட்டால் கதை வேறு. பல் கடிக்கும், கடித்ததை அறுத்து முடிக்க முடியாது, ஓடிக்கொண்டிருந்த ஆற்றல் முழுக்கத் தகட்டை மேலேயும் பின்னேயும் வீசும். ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் வாள் முகத்துக்கு நேரே வந்துவிடும். மனிதரின் அனிச்சைச் செயலுக்கு அதைப்போல் இரு மடங்கு நேரம் வேண்டும். ஆகவே தடுக்கும் பொறுப்பை மனிதரிடம் விட்டுவைக்கவில்லை. முன்கைப்பிடிக்கு எதிரே நிற்கும் பிளாஸ்டிக் தடுப்பு, வாள் எகிறும்போது தன் சடத்துவத்தாலேயே பின்தங்கி முன்னால் சாய்ந்து, சங்கிலியின் பிரேக்கை விழ வைக்கிறது.

மரத்தின்மேல் பயன்படுத்தும் சிறிய வாளில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். கைப்பிடி இரண்டும் எஞ்சினுக்கு மேலேயே பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். எடை நாலு கிலோ அளவு. கிளைகளுக்கு நடுவே நுழைக்க வசதி; ஆனால் எடையும் நீளமும் குறைந்ததால் சுழற்சிக்கு எதிர்ப்பும் குறைந்துவிட்டது. அதோடு ஒரு கையால் பிடித்து அறுத்துவிடலாமே என்ற சபலம் வேறு. எல்லாப் பயிற்சி வகுப்பிலும் கூடாது என்கிறார்கள். வீட்டு மாடியிலிருந்து பார்ப்பவர்கள் அடிக்கடி அதையே காண்கிறார்கள். காலுக்குப் போடும் செயின்சா கால்சட்டை வாளைத் தாங்கும் கவசம் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்குள் இருப்பது நீண்ட, தளர்வான இழைகளின் அடுக்கு. சங்கிலி துணியைக் கிழித்ததும் இழைகள் கற்றை கற்றையாக உருவி வந்து, ஓடும் பல்சக்கரத்தில் சுற்றிக்கொண்டு எஞ்சினை நிறுத்தும். ஒருமுறை வேலை செய்த கால்சட்டையைத் தைத்துப் போடக்கூடாது, குப்பையில்தான் போட வேண்டும்.

வெட்டியது கீழே வருவதில்தான் பெரிய விசைகள். ஈரமான ஓக் கட்டை ஒரு கனமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டன். அரை மீட்டர் விட்டமும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள துண்டு, பார்வைக்கு ஒரு முக்காலி அளவு, 200 கிலோ. அதைக் கயிற்றில் கட்டி, வெட்டுக்குக் கீழே தண்டில் கட்டிய கப்பி வழியாகத் தரையில் இருப்பவர் பிடித்திருக்கிறார். மேலே தள்ளியதும் துண்டு கப்பியைத் தாண்டி இரண்டு மீட்டர் விழுந்து, பிறகுதான் கயிறு விறைக்கிறது. கீழே நிற்பவர் பயந்து இறுக்கிப் பிடித்து அரை மீட்டரில் நிறுத்தினால் கயிற்றில் சராசரியாக ஒரு டன் விசை. உச்சத்தில் அதற்கும் மேல். கப்பியில் கயிறு இரண்டு பக்கமும் இழுப்பதால் தண்டுக்கு ஏறக்குறைய இரண்டு டன் உலுக்கல். அந்தத் தண்டில்தான் ஏறியவர் தன்னைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அதே துண்டை நாலு மீட்டர் ஓடவிட்டு மெல்ல நிறுத்தினால் கயிற்றில் 300 கிலோதான் வரும். ஆகவே நல்ல கீழாள் என்றால் பலசாலி என்று பொருளில்லை, விடத் தெரிந்தவர். மரத்தடியில் கட்டிய உலோகத் தூணில் மூன்று சுற்றுப் போட்டு, 200 கிலோவை இரண்டு கிலோ கைப்பிடியில் வைத்துக்கொண்டு, சரியான நொடியில் நெகிழவிடுகிறார். முடிச்சில் பார்த்த அதே 111.

இத்தொழிலுக்கு ‘அறுவை மருத்துவம்’ என்ற பெயரை ஊரறியச் செய்தவர்களில் முதன்மையானவர் ஜான் டேவி. இங்கிலாந்தின் சாமர்செட்டில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். 1901-ல் மர மருத்துவர் என்ற தலைப்பிலேயே புத்தகம் எழுதினார். அவர் தலைமுறை மரத்துக்கும் மனிதருக்கும் ஒரே வைத்தியம் பார்த்தது. அழுகிய பொந்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து சிமெண்டு அடைத்தார்கள். வெட்டிய இடத்தில் தாரும் பெயிண்டும் பூசினார்கள். கிளையைத் தண்டோடு ஒட்ட மழித்தார்கள். பார்க்கச் சுத்தமாக இருந்தது. உள்ளே என்ன நடந்தது என்று பார்க்க வழியில்லாமல் இருந்தது.

வழியைத் திறந்தது செயின்சாதான். அலெக்ஸ் ஷைகோ 1959-ல் அமெரிக்க வனத்துறையில் சேர்ந்தபோது, ஒருவரே தூக்கி அறுக்கக்கூடிய வாள் புழக்கத்துக்கு வந்திருந்தது. அதுவரை அழுகலைப் படித்தவர்கள் மரத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தார்கள். ஷைகோ நெடுக்குவாட்டில் பிளந்தார், அதுவும் ஆயிரக்கணக்கில். அடியிலிருந்து நுனிவரை அழுகல் எப்படிப் பரவுகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. மரம் காயத்தை ஆற்றுவதே இல்லை. நம் தோல் செத்த செல்லை நீக்கிப் புதுசு வைக்கிறது. மரத்துக்கு அந்தத் திறமை கிடையாது. அது காயப்பட்ட பகுதியைச் சுவர் எழுப்பி அடைத்துவிட்டு, வெளியே புதுக் கட்டையை வளர்த்துக்கொள்கிறது. மேலும் கீழும் போகும் நீர்க்குழாய்கள் அடைபடுகின்றன. அது பலவீனமான சுவர். வளையங்களின் எல்லை இன்னொன்று, ஆரக்கதிர்கள் மூன்றாவது. பட்டைக்கு அடியில் புதுக் கட்டையை வளர்க்கும் கேம்பியம் என்ற படலம், காயம் பட்ட பிறகு உருவாக்கும் நான்காவது சுவர்தான் கோட்டை மதில். அன்றைக்கு இருந்த கட்டை முழுதும் அழுகினாலும் பிறகு வளர்ந்த கட்டை பிழைத்துக்கொள்ளும். உள்ளே வெறும் பொந்தாக இருக்கும் ஓக் மரம் முந்நூறு ஆண்டு நிற்பது இப்படித்தான். ஷைகோ 1977-ல் இதை முழு வடிவில் வெளியிட்டார்.

நடைமுறையில் இதன் பொருள் சில அங்குலங்களில் அடங்கிவிடும். கிளை தண்டில் சேரும் இடத்தில், அடியில் சற்று உப்பலாக ஒரு கழுத்துப்பட்டை தெரியும். அது தண்டின் திசு, கிளையுடையது இல்லை. சுவர் எழுப்பும் வேதிப்பொருள்களும் அங்கேதான் குவிந்திருக்கின்றன. தண்டோடு மழித்தால் அந்தக் காவலே போய், காயம் தண்டுக்குள் இறங்கும். கிளையில் முழ நீளம் விட்டுவிட்டால் அது செத்துப் பூஞ்சைக்கு ஏணியாகும். கழுத்துப்பட்டையை விட்டுவிட்டு அதற்குச் சற்று வெளியே அறுக்க வேண்டும். கனமான கிளையானால் ஒரே வெட்டு ஆகாது. முதலில் ஓரடி தள்ளி அடிப்பக்கம் ஒரு கீறல், பிறகு அதற்கும் வெளியே மேலிருந்து அறுத்துப் பாரத்தைக் கழிப்பது, கடைசியாகக் கழுத்துப்பட்டையின் விளிம்பில் சுத்தமான வெட்டு. முதல் கீறலைச் சோம்பலில் விட்டால் கிளை முறியும்போது தண்டின் பட்டையை முழக்கணக்கில் உரித்துக்கொண்டு போகும். பெயிண்ட் பூசுவதால் அழுகல் நிற்பதில்லை என்பதையும் ஷைகோவின் சோதனைகள் காட்டின. ஒன்று சொல்லியாக வேண்டும்: பனைக்கும் தென்னைக்கும் இதில் எதுவும் பொருந்தாது. அவற்றுக்குக் கேம்பியமே இல்லை. தண்டில் விழுந்த வெட்டு கடைசிவரை வெட்டுதான்.

வியாபாரம் இங்கேதான் இடறுகிறது. சரியாக வெட்டினால் மரம் பல ஆண்டு ஆளைக் கூப்பிடாது. உச்சியை மொட்டையடித்தால் உறங்கிக் கிடந்த மொட்டுகள் விழித்து, ஈர்க்குக் கட்டுப்போல நேராகக் கிளம்பும். அவை ஆழத்திலிருந்து வராமல் மேல் வளையங்களில் மட்டும் ஒட்டியிருப்பதால், தடித்ததும் காற்றில் பிய்யும். மறுபடி தொலைபேசி அடிக்கும். மோசமான வேலை அடுத்த வேலையைத் தானே கொண்டுவருகிறது. இந்தத் தொழிலில் நேர்மை என்பது வருமானத்தைத் தானே குறைத்துக்கொள்வது என்பதை ஒளிக்காமல் சொல்லவேண்டும்.

சின்ன நிறுவனத்தின் மற்ற தலைவலிகள் எடை சார்ந்தவை. பிரிட்டனில் 1997 ஜனவரி 1-க்குப் பிறகு கார் ஓட்டும் தேர்வில் தேறியவர், வேறு தேர்வு எழுதாமல் ஓட்டக்கூடிய வண்டி 3.5 டன்தான். டிப்பர் வேனின் சொந்த எடை, கருவிகள், மூன்று ஆட்கள் எல்லாம் போக மிஞ்சுவது சுமார் ஒரு டன். பச்சை மரச்சில்லு கனமீட்டருக்கு 300 கிலோ என்று கொண்டால், மூன்று கனமீட்டரிலேயே எல்லை வந்துவிடும். பெட்டியில் இன்னும் பாதி இடம் காலியாகக் கிடக்கும். காலி இடத்தைப் பார்த்து மனம் கேட்காமல் நிரப்புபவர்களைத்தான் போலீஸ் எடைமேடைக்கு அழைத்துப் போகிறது. இழுத்துப் போகும் சில்லு எந்திரங்கள் பல 750 கிலோவுக்குச் சற்றே கீழே நிற்பதும் பழைய ஓட்டுநர் உரிம விதியின் எச்சம். 2021 டிசம்பரில் விதி தளர்ந்த பிறகும் அச்சு மாறவில்லை. விறகை விற்றுக் காசு பார்க்கலாம் என்றால் இங்கிலாந்தில் 2021 மே முதல், இரண்டு கனமீட்டருக்குக் குறைவாக விற்கும் விறகில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. வெட்டிய கையோடு விற்க முடியாது. அடுக்கிக் காயப்போட இடம் வேண்டும், இடத்துக்கு வாடகை வேண்டும்.

ஆண்டு விற்பனை 90,000 பவுண்டைத் தாண்டினால் மதிப்புக் கூட்டு வரி 20 சதவீதம். வாடிக்கையாளர் நிறுவனமென்றால் திரும்பப் பெற்றுக்கொள்ளும், வீட்டுக்காரரால் முடியாது. அந்த வரம்புக்குக் கீழே நிற்கும் தனியாள் ஒருவர் 1,000 பவுண்டுக்குச் செய்யும் வேலைக்கு, மூன்று ஆள் வைத்திருப்பவர் 1,200 சொல்ல வேண்டியிருக்கிறது. இதற்கு நடுவில்தான் ஆறு மாதப் பரிசோதனை, இரண்டாவது கயிறு, காப்பீடு எல்லாம் வருகின்றன. வேலைக்கு ஓர் ஆள் வைத்தாலே குறைந்தது 50 லட்சம் பவுண்டுக்குக் காப்பீடு கட்டாயம். மலிவாகக் கேட்பவர் இவற்றில் எதைக் கைவிட்டிருக்கிறார் என்பது மட்டும் மதிப்பீட்டுச் சீட்டில் தெரியாது.

போதாததற்கு ஆஷ் மரம் சாகிறது. ஆசியாவிலிருந்து வந்த ஒரு பூஞ்சை 2012-ல் பிரிட்டனில் உறுதியானது. இலையில் இறங்கி, கிளை வழியே தண்டை அடைந்து, நீரோட்டத்தை நிறுத்திவிடுகிறது. பலவீனமான மரத்தின் அடியை வேறு பூஞ்சைகள் பிடிக்கின்றன. ஆஷ் கட்டையின் பெருமையே வளைந்து கொடுப்பதுதான். மண்வெட்டிக் காம்புக்கு அதைத் தேடி வாங்கியதும் அதனால்தான். நோயில் காய்ந்த ஆஷ் வளையாமல் முறிகிறது, அதுவும் முன்னறிவிப்பில்லாமல். கயிற்றுக்கும் முடிச்சுக்கும் எத்தனை சான்றிதழ் இருந்தாலும் அது மாட்டியிருக்கும் கவட்டைக்குச் சான்றிதழ் கிடையாதே. ஆகவே இப்படிப்பட்ட மரங்களில் ஏறாமல், வாடகைக்கு எடுத்த தூக்கு மேடையில் நின்று வெட்டுகிறார்கள். மேடை நுழையாத கொல்லையில் என்ன செய்வது என்பதுதான் இன்று இத்தொழிலில் அதிகம் விவாதிக்கப்படும் கேள்விகளில் ஒன்று. ஏறக்கூடாது என்று சொல்லி வேலையை விட்டுவிட்டு வரத் தெரிந்தவரே இதில் தேர்ந்தவர் என்பது என் தீர்ப்பு.

லண்டனின் ஹாரோவிலோ ஈஸ்ட்ஹாமிலோ வீடு வாங்கி, கொல்லையில் பெரிய மரத்தோடு குடியேறிய நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. கதவைத் தட்டி ‘இன்றைக்கே பாதி விலையில் வெட்டித் தருகிறேன்’ என்பவரை அனுப்பிவிடுங்கள். மரம் பாதுகாப்பு ஆணையில் இருக்கிறதா என்று முதலில் உள்ளாட்சியில் கேளுங்கள். இருந்தால் எழுத்தில் அனுமதி வாங்காமல் ஒரு கிளையிலும் கைவைக்கக்கூடாது, உங்கள் சொந்த மரமானாலும் அபராதம் உங்களுக்கும் வரும். காப்பீட்டுச் சான்றைக் கேளுங்கள். கிளையை எந்த இடத்தில் வெட்டுவீர்கள் என்று கேளுங்கள். கழுத்துப்பட்டையைக் கை வைத்துக் காட்டுபவரிடம் வேலையைக் கொடுங்கள். பாதுகாக்கப்பட்ட பகுதியில் வீடு இருந்தால், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் 75 மில்லிமீட்டருக்கு மேல் தடித்த எந்த மரத்துக்கும் ஆறு வாரம் முன்னதாக அறிவிப்புத் தர வேண்டும். அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.